14. முதல் எண்ணெய்

பசியாற வைத்த இடியாப்பத்தை மாமியார் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்கு ஊற்ற வேண்டிய தேங்காய்ப்பாலை அடுப்படியிலேயே மறந்துவிட்டு, சர்புன்னிசா அன்று காலை மூன்றாம் முறையாக முற்றத்துக்கு வந்து நின்றாள்.

முற்றத்தில் அவள் புருஷனின் மோட்டார் சைக்கிள் நின்றது.

நயா பைசா வந்த வருஷம் பெயர் பதிந்து வைத்தது. இரண்டு வருஷம் காக்க வைத்து, நேற்றுச் சாயங்காலம்தான் மெட்ராஸிலிருந்து கூட்ஸில் வந்து, மரச்சட்டத்தோடு கட்டைவண்டி ஏறி, பேகம்பூர் சந்துக்குள் வந்து இறங்கியிருந்தது. அந்தச் சனியன் வாசல்படி ஏறினால் நான் வடமதுரையில் என் தங்கை வீட்டோடு போய்விடுவேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாமியார் ரம்ஜான் பீவி, வண்டி ஏறிய பத்தாவது நிமிஷம் அதன் முன்விளக்கைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாகுல் ஹமீதுக்குத் தோல் வியாபாரம். வடமதுரை, ரெட்டியார்சத்திரம், ஆத்தூர் என்று சந்தைக்குச் சந்தை சைக்கிளை மிதித்துப் போய்த் தோல் பார்த்து வாங்கி, ஊரிலுள்ள தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போடுகிறவன். முதல் பஸ்ஸில் போகிறவர்கள் நல்ல தோலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போன பிறகு, மிச்சத்துக்கு விலை பேசிப் பேசியே அவனுக்கு முப்பது வயதாகிவிட்டது. இந்த வண்டி அவனுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. நாளைக்கே வடமதுரைச் சந்தைக்கு இதில் போகப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தான்.

ரயிலில் வருகிற வண்டி என்பதால் எண்ணெய் எதுவும் இல்லாமல்தான் அனுப்பியிருந்தார்கள். எஞ்சினுக்குள் முதல் எண்ணெய் விழுந்த பிறகுதான் கிளப்ப வேண்டும். அது எந்த எண்ணெய் என்பதில் நேற்றுத் தெருவே இரண்டுபட்டது. விளக்கெண்ணெய் சேர்ந்த எண்ணெய்தான் பந்தய வண்டிக்காரர்கள் ஊற்றுவது, சூடு தாங்கும் என்றார் பீடிக் கடைக்காரர். லாரிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய் இருக்கும்போது வேறெதற்கு என்றார் அடுத்த வீட்டுக்காரர். பழனி ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் சோலைமுத்து எல்லாரையும் பேசவிட்டு, கடைசியில் சாகுல் ஹமீதிடம் மட்டும் சொன்னார்.

"புது எஞ்சின்ல பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் இன்னும் ஒண்ணுக்கொண்ணு பழகல தம்பி. உரசி உரசி இடம் பிடிச்சு உக்காரணும். அதுக்கு மருந்து எதுவும் கலக்காத சாதா எண்ணெய் போதும். நம்ம வெயிலுக்கு நாப்பதாம் நம்பர். ஆனா சுத்தமா இருக்கணும். ஒரு பொடி மண்ணு உள்ள போச்சுன்னா அப்பவே கோடு விழுந்துரும், ஆயுசுக்கும் புகைதான். ஐந்நூறு மைல் வரைக்கும் முப்பதுக்கு மேல முறுக்கப்படாது. அப்புறம் அதை வடிச்சுட்டு வேற ஊத்திக்கலாம்."

தன் பட்டறையில் மூடி திறக்காத டப்பா ஒன்று இருப்பதாகவும், மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கொண்டுவந்து தானே ஊற்றிக் கிளப்பித் தருவதாகவும் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் சர்புன்னிசாவின் அத்தா பக்ருதீன் ராவுத்தரின் கடையிலிருந்து ஒரு டின் வந்தது. ராவுத்தருக்கு மேற்கு ரதவீதிப் பக்கம் எண்ணெய்க் கடை. லாரி எண்ணெய், கிணற்று எஞ்சின் எண்ணெய், வண்டி மை எல்லாம் அங்கே கிடைக்கும். மாப்பிள்ளை வண்டிக்கு முதல் எண்ணெய் தன் கையால்தான் இருக்க வேண்டும், நாப்பதாம் நம்பர், சுத்தமான கம்பெனிச் சரக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சாகுல் ஹமீதுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. கல்யாணமாகி எட்டு மாதத்தில் மாமனார் தானாக முன்வந்து செய்த முதல் காரியம். சோலைமுத்துவின் டப்பா தேவையில்லை, ஆனால் ஊற்றிக் கிளப்ப அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டான்.

அந்த டின்னை வாங்கி உள்ளே வைத்தவள் சர்புன்னிசா. அப்போதே பார்த்துவிட்டாள். மூடியின் ஓரத்தில், மிளகு பருமனுக்கு, ஈயப் பற்று.

கம்பெனி டின்னின் மூடியை மிஷின் அழுத்தி மூடும். ஈயம் இருக்காது. ஈயம் வைத்து மூடுவது அவளுடைய அத்தா கடையின் பின்கட்டில்தான்.

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வரைக்கும் அந்த டின்களுக்கு மைதா பசை தடவிச் சீட்டு ஒட்டியது அவள்தான். லாரிப் பட்டறைகளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் பீப்பாய்களில் வரும். அதைக் காய்ச்சி, களிமண் போட்டுத் தெளியவிட்டு, துணியில் வடித்தால் நிறம் தேன் மாதிரி வந்துவிடும். வண்டி அச்சுக்கும் ராட்டினத்துக்கும் போகிற எண்ணெய் என்று அத்தா சொன்னார். அவளும் நம்பினாள். சீட்டு கோணாமல் ஒட்டினால் அவளுக்குப் பாராட்டு உண்டு.

பிறகு ஒருநாள் ஆத்தூரிலிருந்து கருப்புசாமி என்ற சம்சாரி கடைவாசலுக்கு வந்தார். கிணற்று எஞ்சின் இறுகிப்போய், கத்தரித் தோட்டம் பூவோடு கருகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. கொண்டுவந்திருந்த காலி டின்னைப் படிமேல் வைத்துவிட்டு, இதுக்குள்ள என்ன ஊத்திக் குடுத்தீக என்று மட்டும் கேட்டார். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் இறுகாமல் என்ன செய்யும் என்று அத்தா அவரை அனுப்பிவிட்டார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற சர்புன்னிசா அந்த டின்னைப் பார்த்தாள். சீட்டு கொஞ்சமும் கோணாமல் நேராக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பசைக் கிண்ணத்தைத் தொடவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை.

காலை பத்து மணிக்கு அவள் புருஷனிடம் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். சோலைமுத்து அண்ணன் நாளைக்கும் பழுது பார்க்க வேண்டியவர், அவர் மனம் கோணாமல் அவர் எண்ணெயையே ஊற்றலாமே என்றாள். சாகுல் ஹமீது சிரித்தான்.

"உங்க அத்தா ஆசையா அனுப்பியிருக்காக. அதைத் தள்ளி வச்சுட்டு பட்டறை எண்ணெயை ஊத்துனா நாளைக்கு நான் எப்படி அவுக முகத்துல முழிப்பேன்? உனக்கு அத்தா மேல எதுவும் கோவமா?"

இல்லை என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். போனவள் அங்கேயும் நிற்கவில்லை. அரிசியைக் களைந்தாள், பாதியில் விட்டாள். வெஞ்சனத்துக்கு நறுக்கிய வாழைக்காய் தண்ணீரில் போடாமல் கறுத்துப்போயிற்று. மருமகளின் காலடி இன்றைக்கு ஏன் இப்படி வீட்டைச் சுற்றுகிறது என்று ரம்ஜான் பீவி கேட்டாள்.

ஒரே ஒரு நினைப்புதான் அவளைப் போட்டு அரித்தது. சொந்த மருமகனுக்கு அத்தா இதை அனுப்புவாரா? அனுப்ப மாட்டார். அப்படியானால் அந்த ஈயம்?

பன்னிரண்டரைக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். சர்புன்னிசா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், எட்டிப் பார்த்துவிட்டு செத்த நேரத்தில் வாரேன் என்று மாமியாரிடம் ஒரு பொய் சொன்னாள். மதிய வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மூன்று தெரு தள்ளியிருந்த அத்தா வீட்டுக்கு அவள் நடந்ததே தெரியவில்லை.

வீடு முன்னால், கடை பக்கத்தில், பின்கட்டு இரண்டுக்கும் பொது. அம்மா ஜெய்தூன் பீவி உள்ளே தொழுகையில் இருந்தாள். சர்புன்னிசா நேராகப் பின்கட்டுக்குப் போனாள்.

அங்கே இரண்டு அலமாரிகள். இடது பக்கத்தில் காய்ச்சி எடுத்த சரக்கு. வலது பக்கத்தில் கம்பெனிச் சரக்கு, அதை யாரும் தொடக்கூடாது என்பது அத்தா வைத்திருந்த சட்டம். அவள் வலது பக்க அலமாரியிலிருந்து ஒரு டின்னை இறக்கிப் பார்த்தாள். ஈயம். அடுத்ததை எடுத்தாள். அதிலும் ஈயம். பன்னிரண்டு டின்களை இறக்கித் தரையில் வைத்தாள். மூன்றில்தான் மிஷின் மூடி இருந்தது.

"ஏம்மா, நீ எப்ப வந்த? இதையெல்லாம் ஏன் இறக்கிப் போட்டிருக்க?"

ஜும்மா முடிந்து வந்த பக்ருதீன் ராவுத்தர் தொப்பியைக்கூட எடுக்காமல் கதவடியில் நின்றிருந்தார். முழங்கால் வலி வந்ததிலிருந்து ஒரு வருஷமாகக் கடையை அவர் மகன் முகமது பாரூக்தான் பார்க்கிறான். அவர் கல்லாவில் உட்கார்ந்து எழுந்து போவதோடு சரி.

சர்புன்னிசா ஒரு டின்னைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஈயத்தைத் தடவினார். இன்னொன்றை எடுத்துத் தடவினார். பிறகு பக்கத்திலிருந்த பீப்பாய் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு நானே என் கையால இங்கருந்துதான் எடுத்துக் குடுத்தேன் சர்பு. வலது பக்கத்துலருந்து. கண்ணு சரியாத் தெரியல, மூடியப் பாக்கல. இது கம்பெனிச் சரக்குன்னு நெனச்சேன்."

"அண்ணன் காலி கம்பெனி டின்னுலயும் காய்ச்சின எண்ணெய ஊத்தி வச்சிருக்கு அத்தா."

அவர் தலையை ஆட்டினார். இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றியதைவிட, தன் வீட்டிலேயே தான் ஏமாந்ததுதான் அவரை முதலில் அடித்தது என்று சர்புன்னிசாவுக்குத் தோன்றியது. அதை நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, அருவருப்பும் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

ஒரு வார்த்தை சொல்லு என்றார் அவர். டின் மாறிப்போய்விட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, வேறு டின் வருகிறது என்று சொல். அவ்வளவு போதும்.

அவள் தரையில் கிடந்த டின்களைத் தாண்டினாள். துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பள்ளிவாசல் வாசலில் நின்று பேசிவிட்டுத் தாமதமாகத் திரும்புகிற ஆண்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, சுவரோரமாக அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வாசலில் கால் வைக்கும்போதே காலி டின் தரையில் உருள்கிற சத்தம் கேட்டது.

எண்ணெய் உள்ளே போயாகிவிட்டது. சோலைமுத்து பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாகுல் ஹமீது புதுச் சட்டையோடு வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, உதைகட்டையில் காலை வைத்திருந்தான். ரம்ஜான் பீவி நிலைப்படியில் நின்று கண்ணை மூடியிருந்தாள்.

"மிதிக்காதீங்க," என்றாள் சர்புன்னிசா.

அவள் அந்த வீட்டில் அப்படிச் சத்தமாகப் பேசியதே இல்லை. சாகுல் ஹமீதின் கால் அப்படியே நின்றது.

டின் மாறிப்போச்சு. அந்த இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அத்தாவின் மானம் நிற்கும், அவள் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பாள். அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அது லாரியில வடிச்ச பழைய எண்ணெய். எங்க கடையில காய்ச்சி ஊத்துறது. சின்னப் பிள்ளையில நானே அதுக்குச் சீட்டு ஒட்டியிருக்கேன். நேத்தே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல."

சோலைமுத்து குனிந்தார். எண்ணெய் ஊற்றிய புனலின் அடியில் தேங்கியிருந்த நாலு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். கருகல் வாசனை அவருக்குப் போதுமாக இருந்தது. மறுபடி தேய்த்துப் பார்த்துவிட்டு, மண் நறநறக்குது தம்பி, நல்ல வேளை மிதிக்கல என்றார். மிதிக்காத வரைக்கும் எண்ணெய் மேலே ஏறியிருக்காது, வடித்துக் கழுவிவிட்டால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்.

சாகுல் ஹமீது வண்டியிலிருந்து இறங்கினான். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. சர்புன்னிசா மாமியாரின் வாயைத்தான் எதிர்பார்த்து நின்றாள். அந்த வாய் எட்டு மாதத்தில் எதையும் சும்மா விட்டதில்லை.

ரம்ஜான் பீவி உள்ளே போய் ஒரு பழைய மண்சட்டியோடு வந்தாள். வடிக்கிறதுக்கு இது காணுமா என்று சோலைமுத்துவைக் கேட்டாள். பிறகு மருமகளைப் பார்த்து, "காலையில தேங்காய்ப்பால மறந்தப்பவே எனக்குத் தெரியும், இவ எதையோ முழுங்கிட்டுத் திரியிறான்னு. நேத்தே சொல்லித் தொலைச்சா என்ன" என்றாள். அவ்வளவுதான்.

சோலைமுத்து தன் பட்டறைக்கு ஆள் அனுப்பி அந்த மூடி திறக்காத டப்பாவை வரவழைத்தார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் வடிக்கிற ஆணியைக் கழற்றினார். தேன் நிற எண்ணெய் சட்டியில் விழுந்தது. புது எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி அலசி, அதையும் வடித்தார். அந்த நேரம் முழுவதும் சாகுல் ஹமீது பக்கத்தில் குந்தியிருந்து ஆணியையும் வாஷரையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சர்புன்னிசா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

புது எண்ணெய் ஊற்றி மூடி இறுக்குகிற வேளையில் வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

பக்ருதீன் ராவுத்தர் அந்த வெயிலில் மூன்று தெரு நடந்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மண்சட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் எதைச் சொன்னாள், எதைச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வாங்க என்று யாரும் அழைக்கவில்லை.

"மாப்பிள்ளை, அவ சொன்னதெல்லாம் நெசம். அதைப் பத்தி நீங்க என்னை அப்புறம் எம்புட்டு வேணாலும் கேளுங்க," என்றார். "இப்ப வேற ஒண்ணு. பதினோரு மணிக்கு ஆத்தூருக்கு ஒரு மாட்டுவண்டி போயிருக்கு. அதுல இருபது டின்னு. எல்லாம் கிணத்து எஞ்சினுக்கு. வலது பக்கத்துலருந்து எடுத்ததுதான். கம்பெனிச் சரக்குன்னு சீட்டுப் போட்டுப் பாரூக் அனுப்பியிருக்கான். நான் போயி நிறுத்தணும். அம்புட்டு தூரம் என்னால நடக்க முடியாது, பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான்."

சாகுல் ஹமீது எழுந்து நின்றான். அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று சர்புன்னிசாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆத்தூர் அவன் தோல் வாங்குகிற ஊர். கருப்புசாமியின் கதை அவனுக்கும் தெரிந்திருக்கும், யார் கடை எண்ணெய் என்பது மட்டும் தெரிந்திருக்காது.

"அண்ணே, முப்பதுல போனா மாட்டுவண்டியப் பிடிச்சிரலாமா?" என்று சோலைமுத்துவைக் கேட்டான்.

சோலைமுத்து கணக்குப் போட்டார். வண்டி சின்னாளபட்டியைத் தாண்டியிருக்காது, மாடு எவ்வளவுதான் நடக்கும் என்றார். முப்பதே அதிகம், இருபத்தஞ்சில் போ, நடுவில் ஒரு தரம் நிறுத்தி ஆறவிடு, ரெண்டு பேர் பாரம் புது எஞ்சினுக்கு இன்றைக்கு ஆகாதுதான், ஆனால் வேறு வழியில்லை என்றார்.

முதல் மிதிக்குக் கிளம்பவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது மிதியில் முற்றம் அதிர்ந்தது. ரம்ஜான் பீவி காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வீட்டு மதிலில் நாலு தலைகள் முளைத்தன. இரண்டு வருஷமாக அவன் காத்திருந்த சத்தம் அது. அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"ஏறுங்க மாமா," என்றான்.

ராவுத்தர் கைத்தடியை மகளிடம் கொடுத்தார். ஏறத் தெரியாமல் தடுமாறியபோது சோலைமுத்து தூக்கி உட்கார வைத்தார். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கை காற்றில் நின்றது. சாகுல் ஹமீது பின்னால் கை நீட்டி, அந்தக் கையை இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டான். வண்டி நகர்ந்தது. சந்து முனை திரும்பும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பான் என்று சர்புன்னிசா நின்றது வீணாயிற்று.

சத்தம் ஓய்ந்ததும் சோலைமுத்து தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார். சர்புன்னிசா மண்சட்டியிலிருந்த எண்ணெயை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் கையில் ஏந்தி நின்றாள். கிணற்றடியில் ஊற்றக்கூடாது. தெருவில் ஊற்றக்கூடாது. எவர் கண்ணிலும் படாமல் ஒளிக்கவும் அவளுக்கு இனி மனமில்லை. அதை முற்றத்தின் நடுவிலேயே வைத்தாள்.

கால்மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்படாமலேயே திறந்தது. அவள் அண்ணன் முகமது பாரூக். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பின்கட்டில் பன்னிரண்டு டின்களும் தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"அத்தா எங்க?" என்றான்.

பயந்தால் கடைக்கண்ணால் மாமியாரைப் பார்ப்பது அவள் வழக்கம். இந்த முறை பார்க்கவில்லை. ஒரு மணையை எடுத்துச் சட்டிக்கு எதிரே போட்டாள்.

"உக்காருண்ணே. நீ அனுப்புன வண்டிய மறிக்கப் போயிருக்காக. அவுக வர்ற வரைக்கும் நீ இங்கதான் இருக்கணும்."

பாரூக் சட்டியைப் பார்த்தான். உட்காரவில்லை. அவன் கை மெதுவாகப் பின்னால் போய், திறந்திருந்த கதவைத் தேடியது. ஆனால் அங்கே, நிலைப்படியை அடைத்துக்கொண்டு, ரம்ஜான் பீவி நின்றிருந்தாள்.